பே ஆஃப் ஐலண்ட்ஸ் போனா பழைய வீட்ட பாக்குறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்குற மேட்ட பாருங்க

தம்பி கேட்டது இதுதான்: ஆக்லாந்துல வேலை, அப்பா அம்மா மதுரைலருந்து வராங்க, மூணு நாள் நியூசிலாந்து வடக்குல இருக்குற பே ஆஃப் ஐலண்ட்ஸ் பக்கம் கூட்டிட்டு போகணும். அப்பா ரிட்டையர்ட் ஹிஸ்டரி வாத்தியார், டால்ஃபின் பாக்குற போட்டு, பீச்சு இதெல்லாம் அவருக்கு ஒத்து வராது, மாவோரிகளோட, அதாவது இந்த நாட்டு பூர்வகுடிகளோட, பழைய இடமும் முதமுதல்ல வந்த வெள்ளைக்காரங்க கட்டினதும் பாக்கணும்ங்கறார், எதுல ஆரம்பிச்சு எதுல முடிக்கிறது.

நான் இந்த ரூட்ல ஊர்லருந்து வந்த சொந்தக்காரங்கள எத்தன தடவ கூட்டிட்டு போயிருப்பேன்னு கணக்கே இல்ல, முதல் ரெண்டு மூணு தடவ எல்லாரும் பண்ற தப்பத்தான் நானும் பண்ணேன். நேரா வைட்டாங்கி போயி டிக்கெட் எடுத்து, டான்ஸ் பாத்து, 1840ல பிரிட்டனும் மாவோரி தலைவர்களும் ஒப்பந்தம் போட்டாங்க, நியூசிலாந்து பொறந்துச்சுன்னு கேட்டுட்டு திரும்பி வந்துடுவோம். அப்படி பாத்தா வெள்ளைக்காரன் வந்து எறங்கினான், உடனே பேப்பர்ல கையெழுத்து வாங்கினான்னு தான் மனசுல நிக்கும். நடுவுல ஒரு 25 வருஷக் கதை இருக்கு, அதுதான் ருசியே. அதனால காலவரிசைல போங்க, ஓய்ஹி, கெரிகெரி, வைட்டாங்கி, ரஸ்ஸல், திரும்பி வர்ற வழில ருவாப்பெக்காப்பெக்கா. கார்ல போறதுக்கும் இந்த வரிசை ஓரளவு சரியா அமையுது.

இன்னொண்ணு அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. எந்த பழைய மிஷனரி வீட்டு முன்னாடி நின்னாலும் உடனே உள்ள போகாதீங்க, திரும்பி பக்கத்துல இருக்குற மேட்ட பாருங்க. அனேகமா அது ஒரு 'பா'வா இருக்கும், அதாவது மாவோரி கோட்டை. நம்மூர் செஞ்சிக் கோட்டை மாதிரி கல்லு மதில எதிர்பாத்து போனா ஏமாந்துடுவீங்க, அது குன்ற படிப்படியா வெட்டி, அகழி தோண்டி, சுத்தி மரத்தூண் நட்டு வேலி போட்டது, மரமெல்லாம் மக்கிப் போச்சு, இப்ப புல்லு மூடின படிக்கட்டு மாதிரி மடிப்பு மட்டும் தான் தெரியும். சாயங்கால வெயில் சாஞ்சு விழும்போது அந்த மடிப்பெல்லாம் நிழல் கட்டி எடுப்பா தெரியும், உச்சி வெயில்ல போனா வெறும் மலைதான். மேல குழி குழியா இருந்துச்சுன்னா அது குமரா, அதாவது சக்கரவள்ளிக் கிழங்கு, சேத்து வச்ச குழி. மிஷனரிங்க எல்லாம் அந்த மேட்டுக்கு கீழ, அந்த தலைவரோட நிழல்ல, அவர் தயவுலதான் குடியிருந்தாங்க, ஆண்டவங்க அவங்க இல்ல. இது ஒண்ணு மனசுல உக்காந்துட்டா மீதி எல்லாம் தானா வெளங்கும்.

முதல் நாள் ஆக்லாந்துலருந்து காலைல சீக்கிரம் கெளம்புங்க, ராத்திரி தங்கப்போற பாஹியாவுக்கே 230 கிலோமீட்டர் பக்கம், மூணு மூணரை மணி நேரம் ஆகும், ரோடு பல எடத்துல ஒத்தை லேன்தான், லாரி பின்னாடி மாட்டினா இன்னும் ஆகும். கெரிகெரில சாப்பிட்டுட்டு அங்கருந்து புரேருவா தீபகற்பம் பக்கம் போங்க, ரங்கிஹோவா ஹெரிட்டேஜ் பார்க்னு போர்டு இருக்கும். கார் நிறுத்துற எடத்துல ரோரே காஹுன்னு ஒரு கட்டடம், கதை பூரா போர்டுல எழுதியிருக்கும், அங்கருந்து கடற்கரைக்கு எறக்கம். கீழதான் ஓய்ஹி. கடை கிடையாது, டீ கிடையாது, தண்ணி நீங்கதான் கொண்டு போகணும். எறங்குறது ஈஸி, ஏறி வர்றதுதான் வயசானவங்களுக்கு மூச்சு வாங்கும்.

கீழ போனா ஒரு கல்லு சிலுவை, 1907ல வச்சது, அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாததுதான் அங்க அழகு, ஏன்னா நியூசிலாந்துல முதமுதல்ல குடும்பத்தோட வந்து குடியேறின வெள்ளைக்காரங்க இருந்த எடம் அது. கெண்டல், ஹால், கிங்னு மூணு பேர், மூணு குடும்பம். கூட்டிட்டு வந்தவர் சாமுவேல் மார்ஸ்டன், சிட்னில இருந்த பாதிரியார், 1814 கிறிஸ்மஸ் அன்னைக்கு இங்கதான் பிரசங்கம் பண்ணார். ஆனா அவரா வரல, ருவாட்டாரான்னு ஒரு இளம் தலைவர் வர வச்சார். அந்த ஆள் கதைய அப்பாவுக்கு நிதானமா சொல்லுங்க. திமிங்கல வேட்டைக் கப்பல்ல வேலை பாத்துட்டு, ராஜாவ பாக்கணும்னு லண்டன் வரைக்கும் போயி, பாக்க முடியாம, அடி வாங்கி ரத்தம் கக்குற நெலமைல 1809ல மார்ஸ்டன் ஏறின அதே கப்பல்ல கெடந்தவர், மார்ஸ்டன்தான் பாத்து தேத்தி விட்டார். சிட்னில கோதுமை வெவசாயம் பழகிட்டு வெதை கொண்டாந்து ஊர்ல குடுத்தா, சனங்க கிழங்கு மாதிரி வேர்லதான் வெளையும்னு நெனச்சு செடிய புடுங்கி வேர்ல தேடியிருக்காங்க! ஒண்ணும் இல்லன்னதும் எரிச்சு விட்டுட்டாங்க. இவர் மட்டும் தன் வயல அறுவடை பண்ணி காட்டினார், அப்பவும் இதுலருந்து ரொட்டி வரும்னு ஒருத்தரும் நம்பல, அரைக்கிறதுக்கு மிஷின் இல்ல. மார்ஸ்டன் கையால சுத்துற ஒரு மாவு மிஷின் அனுப்பி வச்சு, அரைச்சு ரொட்டி சுட்டு காட்டினப்புறம்தான் நம்பினாங்க. கிறிஸ்மஸ் பிரசங்கத்துக்கு மேடை போட்டதும் அவர்தான், பழைய படகத்தான் மேடையாவும் உக்கார்ற எடமாவும் ஆக்கினார், பிரசங்கத்த மாவோரில எடுத்து சொன்னதும் அவர்தான். ரெண்டே மாசம் கழிச்சு, 1815 மார்ச்ல செத்துப் போயிட்டார். பாதுகாப்பு குடுத்த ஆளே போனதும் அந்த மூணு குடும்பமும் நடுங்கிப் போயிருப்பாங்க.

மிஷனுக்கு அந்த 200 ஏக்கர வாங்கின வெலை 12 கோடாரி. சரிவான எடம், வெவசாயத்துக்கு லாயக்கில்ல, சாப்பாட்டுக்கே மாவோரிகள நம்பி இருந்தாங்க. அப்பா வாத்தியார்ங்கறதால இன்னொண்ணு, 1816ல கெண்டல் இங்கதான் நாட்டோட முதல் பள்ளிக்கூடம் தெறந்தார். சிலுவைக்கு பக்கத்துல கடல ஒட்டி நிக்குற அந்த செங்குத்து மேடுதான் ரங்கிஹோவா பா, கீழ இருந்து பாருங்க, மடிப்பு மடிப்பா தெளிவா தெரியும், நான் சொன்ன மேடு.

அப்புறம் கெரிகெரிக்கு திரும்புங்க. ஆத்தங்கரைல ரெண்டு கட்டடம், ஒண்ணு வெள்ளை மரவீடு, கெம்ப் ஹவுஸ், 1821-22ல கட்டினது, நியூசிலாந்துல இன்னைக்கு நிக்குற கட்டடத்துலயே பழசு அதுதான். பக்கத்துல ஸ்டோன் ஸ்டோர், 1832ல ஆரம்பிச்சு 1836ல முடிச்ச கல்லு குடோன், நாட்டோட பழைய கல்லுக் கட்டடம். நம்மாளுங்க "இருநூறு வருஷம்லாம் ஒரு பழசா, எங்க தெரு கோயில் ஆயிரம் வருஷம்"னு கட்டாயம் சொல்வாங்க, எங்க மாமாவும் சொன்னார், சொல்லட்டும். கெம்ப் குடும்பம் 1832லருந்து 1974 வரைக்கும் அதே வீட்ல இருந்துட்டு அப்படியே நாட்டுக்கு குடுத்துட்டாங்க. ஆத்துல வெள்ளம் வந்தா ஆபத்துன்னு பக்கத்துல இருந்த பாலத்தையே பேத்து எடுத்துட்டாங்க, 2007 வெள்ளத்துக்கு அப்புறம். ஸ்டோன் ஸ்டோர் கீழ்மாடி இன்னும் கடைதான், பழைய காலத்து சாமான் மாதிரி விப்பாங்க.

கட்டடம் பாத்தாச்சா, இப்ப எதிர்ல ஆத்துக்கு மேல இருக்குற கொரொரிப்போ பா. நடைபாதை ஒழுங்கா போட்டிருக்கு, சின்ன ஏத்தம்தான், அம்மா அப்பா தாராளமா ஏறலாம். அது ஹொங்கி ஹிக்காவோட எடம், ஙாப்புஹி இனத்தோட பெரிய தலைவர், ருவாட்டாராவுக்கு உறவுக்காரர். மிஷனுக்கு இந்த எடத்த 1819ல குடுத்தது அவர்தான், வெலை 48 கோடாரி. 1820ல கெண்டலோட இங்கிலாந்து போனார், கேம்பிரிட்ஜ்ல ஒரு மொழி பேராசிரியர் கூட உக்காந்து மாவோரி இலக்கணமும் அகராதியும் தயார் பண்ண உதவினார், நாலாம் ஜார்ஜ் ராஜாவ பாத்தார், அவர் இரும்புக் கவசம் குடுத்தார். வர்ற வழில சிட்னில, கெடச்ச பரிசு பொருள்ல பாதிக்கு மேல குடுத்துட்டு நூத்துக்கணக்குல மஸ்கெட் துப்பாக்கி வாங்கிட்டு வந்துட்டார். அதுக்கப்புறம் வடக்கு தீவு பூரா நடந்ததுதான் மஸ்கெட் போர், துப்பாக்கி இல்லாத இனங்கள் மேல இவர் படை போச்சு, ஆயிரக்கணக்குல சாவு. அந்த படகெல்லாம் கெளம்பினதும் கைதிங்களோட திரும்பி வந்து சேந்ததும் இதே கொரொரிப்போ கீழதான், எதிர்க்கரைல வெள்ளை வீட்ல பாதிரியார் குடும்பம் ஜன்னல் வழியா பாத்துட்டு இருந்திருக்கு, ஒண்ணும் பேச முடியாது, அவர் பாதுகாப்புலதான் இருக்காங்க. அந்த மேட்டு மேல நின்னு வீட்ட பாருங்க, கீழ நின்னு பாத்ததுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியும்.

ராத்திரி பாஹியாவுல தங்குங்க. இங்க 1823ல ஹென்றி வில்லியம்ஸ் மிஷன் ஆரம்பிச்சார், பெருசா எதுவும் மிச்சம் இல்ல, ஆனா நமக்குன்னு ஒரு கதை இருக்கு. வில்லியம் கொலென்சோன்னு ஒரு அச்சுக்காரர் 1834 கடைசில மிஷனுக்காக அச்சு மிஷினோட இங்க வந்து எறங்கினார், பெட்டிய தெறந்து பாத்தா அச்சு வேலைக்கு தேவையான பாதி சாமான் அனுப்பவே இல்ல, பேப்பரும் இல்ல. இருக்கறத வச்சு ஒப்பேத்தி 1835 பிப்ரவரில முதல் புத்தகத்த மாவோரில போட்டார், பவுலோட ரெண்டு நிருபம், அட்டைக்கு ரோஸ் கலர் ப்ளாட்டிங் பேப்பர்! இதே ஆள்தான் 1836 வாக்குல வாங்கரெய் பக்கம் உள்ள போனப்ப மாவோரி பொம்பளைங்க ஒரு வெண்கல பாத்திரத்துல உருளைக்கிழங்கு வேக வச்சுட்டு இருந்தத பாத்தார். அது பாத்திரம் இல்ல, மேல்பாகம் மட்டும் மிஞ்சின மணி, சுத்தி எழுத்து. புயல்ல விழுந்த மரத்தோட வேருக்கு அடில கெடச்சுச்சு, ரொம்ப நாளா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. இவர் ஒரு இரும்பு பானைய குடுத்துட்டு அத வாங்கிக்கிட்டார். எழுத்து தமிழ், "முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி". யாரோ ஒரு தமிழ் முஸ்லிம் கப்பல்காரரோட மணி. எப்படி வந்துச்சுன்னு ஆளுக்கொரு கதை, தமிழன்தான் நியூசிலாந்த கண்டுபிடிச்சான்னு வாட்ஸப்ல வர்றத அப்பா காட்டினா சிரிச்சுட்டு விட்டுடுங்க, ஒரு மணி எத்தனையோ கை மாறி வந்திருக்கலாம், ஆளே இல்லாம மெதந்து வந்த கப்பல்லயும் இருந்திருக்கலாம். மணி இங்க இல்ல, வெல்லிங்டன்ல தே பாபா மியூசியத்துல இருக்கு. கொலென்சோ பேர மறக்காதீங்க, மறுபடி வருவார்.

ரெண்டாம் நாள் முழுசா வைட்டாங்கிக்கு வச்சிடுங்க. உள்ள இருக்குற ட்ரீட்டி ஹவுஸ் சின்ன வீடு, பாத்தா இதுக்கா இவ்ளோ பேருன்னு தோணும். 1833ல பிரிட்டன் ஜேம்ஸ் பஸ்பின்னு ஒருத்தர ரெசிடென்ட்டா, அதாவது அரசாங்கப் பிரதிநிதியா, அனுப்புச்சு, படை கிடையாது, போலீஸ் கிடையாது, பீரங்கி இல்லாத போர்க்கப்பல்னு மாவோரிங்க அவர கிண்டல் பண்ணாங்க. வீட்டுக்கு மரச்சட்டமெல்லாம் சிட்னில வெட்டி கப்பல்ல வந்துச்சு. அவர் பண்ணதுல ரெண்டு விஷயம் முக்கியம். இங்க கட்டின கப்பலுக்கு கொடி இல்லன்னு சிட்னில புடிச்சு வச்சாங்க, அதனால 1834ல தலைவர்கள கூப்பிட்டு ஒரு கொடிய தேர்ந்தெடுக்க வச்சார். அடுத்து 1835 அக்டோபர் 28, 34 தலைவர்கள் கையெழுத்து போட்ட சுதந்திரப் பிரகடனம், ஹே வகபுட்டாங்கான்னு சொல்வாங்க. டூர்ல இத வேகமா தாண்டிடுவாங்க, நீங்க தாண்டாதீங்க. அஞ்சு வருஷம் முன்னாடிதான் இது எங்க நாடு, எங்க அதிகாரம்னு எழுதி, அத பிரிட்டனும் ஒத்துக்கிச்சு, அப்படிப்பட்டவங்க 1840ல எத குடுத்தாங்க, எத குடுக்கலங்கறதுதான் இன்னைக்கு வரைக்கும் சண்டை.

ஏன்னா ஒப்பந்தம் ரெண்டு மொழில இருக்கு. பிரிட்டன் அனுப்பின ஹாப்சன் கேப்டனும் பஸ்பியும் இங்கிலீஷ்ல எழுதினத ஹென்றி வில்லியம்ஸும் அவர் பையனும் ஒரே ராத்திரில, பிப்ரவரி 4, மாவோரிக்கு மாத்தினாங்க. இங்கிலீஷ்ல இறையாண்மை மொத்தமும் ராணிக்குன்னு இருக்கு. மாவோரில அந்த எடத்துல 'காவனாட்டாங்கா'ன்னு போட்டாங்க, காவனான்னா வேற ஒண்ணும் இல்ல, கவர்னர்ங்கற வார்த்தையத்தான் அவங்க நாக்குல அப்படி சொல்லுவாங்க. கவர்னர் வேலைய குடுக்கறோம், ஆனா எங்க நெலம், ஊரு, பொருள் மேல 'ரங்கட்டிரட்டாங்கா', அதாவது தலைமை, எங்ககிட்டயேன்னு படிச்சுட்டுத்தான் பிப்ரவரி 6 கையெழுத்து போட்டாங்க. முதல்ல போட்டவர் ஹோனே ஹெக்கே, இந்த பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க. அன்னைக்கு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி எழுந்து நின்னு, "இவங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு உண்மைலயே புரிஞ்சுதா"ன்னு ஹாப்சன்கிட்டயே கேட்ட ஒரே வெள்ளைக்காரர் யாரு தெரியுமா, நம்ம மணிக்காரர் கொலென்சோ. பதினோரு நாள் கழிச்சு அதே ஒப்பந்தத்த மாவோரில 200 காப்பி அச்சடிச்சு குடுத்தவரும் அவர்தான். பின்னாடி நாடு பூரா ஐநூறுக்கு மேல தலைவர்கள் போட்டாங்க, கிட்டத்தட்ட எல்லாருமே மாவோரி காப்பிலதான். 2014ல வைட்டாங்கி ட்ரைபியூனல், அதாவது இந்த ஒப்பந்தம் பத்தின புகார விசாரிக்கிற அமைப்பு, அந்த பிப்ரவரில கையெழுத்து போட்ட வடக்கு தலைவர்கள் இறையாண்மைய விட்டுக் குடுக்கலன்னே சொல்லிடுச்சு.

வைட்டாங்கில படகு கொட்டகைய தவற விடாதீங்க, உள்ள இருக்குற மாவோரி போர்ப்படகு 35 மீட்டருக்கு மேல நீளம், கவுரி மரத்துல செஞ்சது, ஓட்டணும்னா கொறஞ்சது 76 பேர் துடுப்பு போடணும். செதுக்கு மண்டபத்துக்குள்ள போறப்ப செருப்ப வெளிய விடணும், இத நம்மாளுங்களுக்கு சொல்லவே வேணாம். நியூசிலாந்துல குடியிருக்குறவங்களுக்கு டிக்கெட் வேற ரேட்டு, உங்க லைசென்ஸ் கைல வச்சுக்கோங்க, அப்பா அம்மாவுக்கு விசிட்டர் ரேட்டுதான்.

மூணாம் நாள் காலைல கார ஓப்புவால ஃபெர்ரில ஏத்தி அக்கரைக்கு போங்க. எறங்குற எடம் ஒகியாட்டோ, 1840-41ல கொஞ்ச நாள் நாட்டோட முதல் தலைநகரம், இப்ப பாக்க ஒண்ணும் பெருசா இல்ல, தாண்டி ரஸ்ஸல் போயிடுங்க. இதோட பழைய பேர் கொரொராரெக்கா, திமிங்கலக் கப்பல்காரனுங்க சாராயம் குடிச்சு ஆட்டம் போட்ட எடம், பசிபிக்கோட நரகக்குழின்னு பட்டம். இன்னைக்கு பாத்தா நம்ப மாட்டீங்க, அவ்ளோ சாந்தமா காபி குடிச்சுட்டு இருக்கும் ஊரு.

கிறைஸ்ட் சர்ச் 1835ல எழும்பினது, நாட்டுல இன்னும் நிக்குற சர்ச்சுலயே பழசு, கட்ட காசு குடுத்தவங்கள்ல அந்த வருஷம் பீகிள் கப்பல்ல வந்த டார்வினும் ஒருத்தர். பலகை சுவத்துல குண்டு பாஞ்ச ஓட்டை இருக்கு, விரல் விட்டு பாக்கலாம். அந்த ஓட்டைக்கு காரணம் ஊருக்கு மேல இருக்குற மேடு, மைகி, கொடிக்கம்ப மலை. ஒப்பந்தத்துல முதல் கையெழுத்து போட்ட ஹோனே ஹெக்கே அங்க பறந்த பிரிட்டிஷ் கொடிக்கம்பத்த 1844 ஜூலைலருந்து 1845 மார்ச்சுக்குள்ள ஆளுங்கள வச்சு நாலு தடவ வெட்டி சாய்ச்சார். ஏன்னா தலைநகரம் ஆக்லாந்துக்கு போயிடுச்சு, கப்பல்காரங்ககிட்ட தலைவர்கள் வாங்கின துறைமுகக் காசு சுங்கவரியா அரசாங்கத்துக்கு போச்சு, வியாபாரம் படுத்துச்சு, மேல பிரிட்டிஷ் கொடி மட்டும் பறக்குது. கோவம் மனுஷங்க மேல இல்ல, கம்பத்து மேல. கடைசி தடவ, மார்ச் 11, கம்பத்துக்கு இரும்புத் தகடு சுத்தி காவல் போட்டிருந்தாங்க, வயசான தலைவர் கவிட்டி கீழ ஊர்ல சண்டைய இழுத்துப் பிடிச்சார், ஹெக்கே மேல போயி வெட்டிட்டார். வெடிமருந்து வெடிச்சு, சனங்க கப்பல்ல ஏறி தப்பிச்சு, ஊரே எரிஞ்சு போச்சு, சர்ச்சும் பிரெஞ்சு கத்தோலிக்கங்களோட பாம்பலியே மிஷனும் மட்டும் தப்பிச்சுது. அப்ப கவர்னர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், டார்வின கூட்டிட்டு வந்த அதே பீகிள் கேப்டன். சர்ச் கல்லறைல கப்பல் சிப்பாய்ங்களும் இருக்காங்க, பிரிட்டிஷ் பக்கம் நின்ன மாவோரி தலைவர் தமாட்டி வாக்கா நேனேவும் இருக்கார்.

மலை மேல இப்ப நிக்குற கம்பத்த நல்லா பாத்துட்டு வாங்க. வெட்டினப்புறம் பல வருஷம் கம்பமே இல்லாம இருந்துச்சு, 1858ல அத திரும்ப நட ஏற்பாடு பண்ணது கவிட்டியோட மகன்தான். மேல வரைக்கும் கார் போகும், நடந்தா அரை மணி நேரம்.

பாம்பலியே மிஷனுக்கு ஒரு மணி நேரமாவது குடுங்க, பிரெஞ்சு கத்தோலிக்கங்க 1841-42ல மண்ண இடிச்சு இறுக்கி கட்டின அச்சுக்கூடம், மரம் வாங்க காசில்லாம ஊர்ல கட்டுற மாதிரியே மண்ணுல கட்டிட்டாங்க. புத்தக அட்டைக்கு தோலையும் அங்கயே பதப்படுத்தினாங்க. அந்தப் பக்கம் கொலென்சோ புராட்டஸ்டன்ட் புத்தகம் அடிக்க, இந்தப் பக்கம் இவங்க போட்டிக்கு அடிக்க, மாவோரிகளுக்கு எழுத்து மேல இருந்த ஆசை அப்படி.

திரும்பும்போது கவகவால வண்டிய நிறுத்தி ஹுண்டர்ட்வாஸ்ஸர்னு ஒரு ஆஸ்திரிய ஓவியர் கட்டின கக்கூஸ பாருங்க, வரலாறுக்கு சம்மந்தம் இல்ல, ஆனா அம்மாவுக்கு பிடிக்கும். அங்கருந்து தெக்க வந்து ஹைவேலருந்து உள்ள போனா ருவாப்பெக்காப்பெக்கா, வௌவால் பொந்துன்னு அர்த்தம். இது கடற்கரைல இல்ல, ஆனா கதை முடியறது இங்கதான். கவிட்டி இத குடியிருக்க கட்டல, பீரங்கிய தாங்குறதுக்குன்னே கட்டினார், ரெட்டை மரவேலி, பதுங்கு குழி, தரைக்கடில மறைவிடம். பிரிட்டிஷ்காரங்க சுமார் 1,600 பேரோட, பீரங்கிய காட்டு வழியா வாரக்கணக்குல இழுத்துட்டு வந்து 1846 ஜனவரி 11 உள்ள நுழைஞ்சா கோட்டை கிட்டத்தட்ட காலி. அதோட சமாதானம் ஆச்சு, ஹெக்கேகிட்டயும் கவிட்டிகிட்டயும் ஒரு துண்டு நெலம் பறிக்கல. குழிகள் இன்னும் அப்படியே இருக்கு, டிக்கெட் கிடையாது, பெரும்பாலும் ஆளும் இருக்காது.

சில விஷயம் மட்டும். பா, கல்லறை இதெல்லாம் 'தாப்பு', நம்மூர்ல தீட்டு, தெய்வம் ரெண்டும் கலந்த மாதிரி, அங்க புளிசாதத்த பிரிக்காதீங்க, கல்லறைலருந்து வெளிய வந்ததும் கை கழுவணும், கார்ல ஒரு பாட்டில் தண்ணி வச்சுக்கோங்க. கரைல சிப்பிக் குவியல் பாத்தா அது பழைய சமையல் எடம், ஒரு சிப்பி கூட எடுக்காதீங்க, 1900க்கு முந்தின எடத்த கிளறினா சட்டப்படி குத்தம். பேரெல்லாம் எப்படி சொல்றதுன்னு அப்பா கேட்டா, தமிழ்ல எழுதிக் குடுங்க, எ ஏ, ஒ ஓ குறில் நெடில் பிரிச்சு எழுத இங்கிலீஷ விட நம்ம எழுத்து அதுக்கு ரொம்ப தோது, ஙாப்புஹின்னு ங-வுல ஆரம்பிச்சு எழுதவும் ஒரு சான்ஸ் கெடச்சாச்சு.

அப்பாவுக்கு முட்டி எப்படின்னு மட்டும் சொல்லுங்க. வலி இருந்தா ஓய்ஹில மேல ரோரே காஹுலயே உக்கார வச்சுட்டு நீங்களும் அம்மாவும் எறங்கிட்டு வாங்க, அங்கருந்தே கடல் தெரியும், படிக்க அவருக்கு போர்டு நெறைய இருக்கு.